சபை முன்னால் எழுந்து நின்ற ஞாயிறு

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதனால் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா அந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியதாயிற்று. முதல் தடவை தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டார். இரண்டாம் தடவை அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கும்படி கேட்டார்.

"எஸ்தர், ஞானதாஸ் ஒன்னோட புருஷனா நடந்துகிட்டாரா, இல்லையா?"

எங்கள் தோட்டத்துத் தேவாலயத்தின் பின்னறை அது. பாட்டுப் புத்தகங்களும் மண்ணெண்ணெய் விளக்குகளும் வைக்கிற இடம். மேசைக்கு அந்தப் பக்கம் சபைக் கமிட்டியார் ஐந்து பேர், அவர்களுக்கு நடுவில் மாதம் ஒரு தடவை நுவரெலியாவிலிருந்து வரும் பாதிரியார், எங்கள் பேச்சில் ஐயர். இந்தப் பக்கம் ஒரு வாங்குப் பலகையில் நான் மட்டும். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை அறையை நிறைத்திருந்தது.

மேசை ஓரத்தில் கமிட்டியின் காரியதரிசி, நான் சொல்லப்போவதை எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவர்தான் சபையின் உபதேசியார். ஐயர் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துபவர். என் அப்பா.

ஓலை வாசித்தார்கள்

"கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்களே" என்று, நான் எழுதிவரும் நினைவுகளைப் படித்துவிட்டு வட்டகொடையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். தாண்டித்தான் போனேன். பெயர் சொன்னால் நோகக்கூடியவர்கள் இன்று யாரும் உயிரோடு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞானதாஸ் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வேதக்காரப் பையன், குடியில்லை, நல்ல குரல், கீர்த்தனை பாடினால் சனம் திரும்பிப் பார்க்கும். அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? எனக்கும் பிடித்திருந்தது. மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அப்பாவே மூன்று தடவையும் கேட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அங்கே தடை தெரிந்த ஒரே ஆள், மாப்பிள்ளை, ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தன்று அவர் உடம்பு சரியில்லை என்றார். அதற்குப் பிறகு, "கொஞ்ச நாள் போகட்டும் எஸ்தர்" என்றார். அதற்கும் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று.

கெட்ட மனிதர் இல்லை. காலையில் எனக்கு முன்னே எழுந்து தேத்தண்ணி ஊற்றி வைப்பார். மார்கழிக் குளிரில் ஆஸ்பத்திரியிலிருந்து ரப்பர்ப் பை கொண்டுவந்து, அதில் சுடுதண்ணீர் நிரப்பி என் காலடியில் வைப்பார். வைத்துவிட்டுத் தன் கம்பளியை எடுத்துக்கொண்டு மற்றக் கட்டிலுக்குப் போய்விடுவார்.

எனக்கும் உடம்பு இருந்தது

இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும், இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது பொய்யாகிவிடும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எனக்கும் உடம்பு இருந்தது, ஆசையும் இருந்தது. ஒரு நாள் நானாகவே அவர் தோளில் கை வைத்தேன். காய்ச்சல்காரனைப்போல அந்த மனிதர் நடுங்கினார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

குறை என்னிடம் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் அம்மை போட்ட வடு என் கன்னத்தில் உண்டு. பவுடர் வாங்கிப் பூசினேன். புதுச் சேலை கட்டினேன். அவர் பார்த்து, "நல்லாருக்கு" என்று அன்பாகத்தான் சொன்னார்.

ஒரு வருஷம் போனது. மாதர் சங்கத்தில் நான் கர்ப்பம் தரிக்க வேண்டி விசேஷ ஜெபம் வைத்தார்கள். என்னை நடுவில் முழங்கால் போடவைத்து, பதினைந்து பெண்கள் சுற்றி நின்று, என் வயிற்றிலும் தலையிலும் கை வைத்து ஜெபித்தார்கள். கிளாக்கர் ஐயாவின் சம்சாரம் அழுதே விட்டார். நானும் ஆமென் சொன்னேன். கடவுள் என்ன செய்வார்? அவருக்கே வழி விடாத வீடு அது.

காகிதம் இல்லாத கல்யாணங்கள்

அந்தக் காலத்தில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைக்காக எல்லோரும் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தமிழர் நாட்டை விட்டுப் போக வேண்டிவருமோ என்ற பயம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சனங்களுக்கு மனு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

பாதிப்பேரிடம் கல்யாணச் சான்றிதழ் கிடையாது. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், தொழிற்சங்கத் தலைவர் பார்த்தார், லயமே சாப்பிட்டது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி? விசாரணைக்கு வந்த அதிகாரி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. லொறி டிரைவர் செல்லையாவும் அவன் பெண்சாதி பாக்கியமும் மூன்று பிள்ளைகளோடு போய் நின்றார்கள். "நீங்க புருஷன் பொஞ்சாதின்னு எப்படி நம்புறது?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். பாக்கியம் மூன்று பிள்ளைகளையும் முன்னால் தள்ளி நிறுத்தினாளாம். அது போதவில்லை. மனு தள்ளுபடி.

என் பெட்டியில் முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது. இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு.

அதே லயங்களில் ஒத்துவராத புருஷன் பெண்சாதியைத் தலைவர் வீட்டு வாசலில் உட்காரவைத்து, வாய்க்கு வாய் பேசவிட்டு, ஒரே பொழுதில் பிரித்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பெண் தன் சட்டிபானையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டு லயத்துக்குப் போவாள். அடுத்த வருஷம் இன்னொரு இடத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து எங்கள் சபைப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்திருக்கிறேன்.

மூன்று வழி

இரண்டாம் வருஷம், பள்ளி விடுமுறையில், பல்வலி என்று சொல்லிவிட்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு வக்கீலைப் பார்த்தேன். வயதானவர். என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். எனக்கு அது உதவியாக இருந்தது.

"மூணு வழிதாம்மா இருக்கு. அவரு வேற பொம்பளையோட போயிருக்கணும். இல்லாட்டி ஒங்கள விட்டுட்டு ஓடிப் போயிருக்கணும். அதுவும் இல்லாட்டி, கல்யாணத்தன்னைக்கே அவருக்கு ஆண்மை இல்லன்னு நிரூபிக்கணும். அதுக்கு டாக்டர் பாக்கணும். அவரையும் பாப்பாங்க. தேவப்பட்டா ஒங்களையும்."

"இந்த மூணும் இல்லன்னா?"

"இல்லன்னா, சட்டத்துக்கு நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பல்வலிக்காரியைப்போலவே கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

பாக்கியம் வந்தாள்

அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி மருந்தறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கிறது. காவல்காரன் ஒருவன் தலைவலி மருந்துக்குப் போனவன், உள்ளே ஞானதாஸையும் டிரைவர் செல்லையாவையும் அணைத்த கோலத்தில் பார்த்துவிட்டான். பார்த்ததைக் கிளாக்கர் ஐயாவிடம் போய்ச் சொன்னான். அவர் கமிட்டியைக் கூட்டினார்.

எனக்கு அதைச் சொன்னது அப்பா. வாசல்படியில் நின்றுகொண்டே, வேறு யாருடைய வீட்டிலோ நடந்ததைப்போலச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது ஆறுதல்தான், வெட்கமாக இருக்கிறது சொல்ல. என் முகவடு காரணமில்லை. அதற்குப் பிறகு கோபம் வந்தது. தெரிந்தே என்னை மணவறைக்குக் கூட்டிப்போனாரே என்ற கோபம். நாளைக்குக் கமிட்டியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கமிட்டிக்கு என் வாய்தான் தேவைப்பட்டது. ஒரு காவல்காரன் பேச்சை நம்பி ஒரு கம்பவுண்டர் மேல் புகார் சொல்லத் தோட்டத் துரையிடம் போக முடியாது. பெண்சாதியே சொன்னால் போகலாம். துரையிடம் போனால் போலீஸ் வரும். அது சட்டப்படி குற்றம், சிறைக்குப் போகிற குற்றம் என்று கிளாக்கர் ஐயா சட்டப் புத்தகத்தைப் பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் பாக்கியம் நின்றாள். தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. கூடை இல்லை, சாக்குப் படங்கு மட்டும் இடுப்பில்.

"டீச்சரம்மா, ஒங்கள இன்னைக்குக் கூப்புட்டு விசாரிப்பாங்கன்னு சொன்னாங்க."

"ஆமா."

"நீங்க வாயத் தொறந்தா எங்க வீட்டுக்காரரு ஜெயிலுக்குப் போயிருவாரு. தொர பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டு அனுப்பிருவாரு. லயத்துக் காம்பராவக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எனக்கு ஊருமில்ல, நாடுமில்ல. மனு தள்ளுபடி ஆனது ஒங்களுக்குத் தெரியும், நீங்கதான எழுதுனீங்க."

எனக்கு வந்த கோபத்தில் கேட்டேன், "ஒனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவள் படங்கின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். "தெரியும்மா. எனக்கு வலிக்கலன்னு நெனைக்காதீங்க. ஆனா அந்த மனுசன் குடிச்சுட்டு வந்து அடிக்கிறதில்ல. புள்ளைங்களுக்குச் சோறு போடுறாரு. நான் அதோட நிறுத்திக்கிட்டேன்."

மணி அடித்தது. நான் உள்ளே போனேன். அன்று பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று ஞாபகமில்லை.

பின்னறையில்

இப்போது மறுபடி அந்த வாங்கு. மழை. கிளாக்கர் ஐயாவின் கேள்வி இரண்டாம் தடவை.

எனக்கு முன்பே ஞானதாஸை விசாரித்திருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வெளியே குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் குடையின் கறுப்பு மட்டும் தெரிந்தது.

"புருஷனா நடந்துக்கல" என்றேன்.

அப்பாவின் பேனா அசையவில்லை. ஐயர் முன்னால் சாய்ந்தார். "ஏன்மா? காரணம் தெரியுமா?"

"நான்தான் விடல."

"என்னது?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அவர கிட்ட வரவிடல. எனக்கு இஷ்டமில்ல. அவரு மேல தப்பு இல்ல."

பாக்கியத்துக்காகச் சொன்னேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவளுக்காகவும்தான். ஆனால் அந்த ஐந்து முகங்களையும் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், இன்னும் கேட்பார்கள். எப்படி, எத்தனை தடவை, நீ என்ன செய்தாய், அவன் என்ன செய்தான் என்று. கேட்பதற்கு ஆவலாகவே இருந்தார்கள். அந்த ஆவலுக்குத் தீனி போட எனக்கு மனமில்லை.

உடனே நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு அதிர்ச்சி. அந்த வடு முகத்தையும் படித்த திமிரையும் வைத்து அவர்கள் முன்பே சந்தேகப்பட்டிருந்ததைப் போல. அறையில் ஒரு பாரம் இறங்கியது. துரையிடம் போக வேண்டாம், போலீஸ் வேண்டாம், சபையின் பெயர் கெட வேண்டாம். ஒரு பெண்ணைத் திருத்தினால் போதும். மருந்தறையில் நடந்தது என்று ஒன்று அதற்குப் பிறகு இல்லவே இல்லை. காவல்காரன் கண் மங்கியவன் என்றார் ஒருவர்.

ஞாயிறு

தீர்ப்பு இது: ஒரு வருஷத்துக்கு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து கிடையாது. ஞாயிறு பாடசாலையில் கற்பிக்கக் கூடாது. வருகிற ஞாயிறு சபை முன்னால் எழுந்து நிற்க வேண்டும்.

ஐயர் அந்த ஞாயிறு வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார். அறிவிப்பை வாசிக்க வேண்டியவர் உபதேசியார். கல்யாண ஓலை வாசித்த அதே குரலில் அப்பா என் பெயரை வாசித்தார். மனைவிக்குரிய கடமையை மறுத்த குற்றத்துக்காக என்று வாசித்தார். நான் எழுந்து நின்றேன். பெண்கள் பக்கத்தில் எனக்கு இருபுறமும் இருந்தவர்கள் சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்கள். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது, அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நானும் போய்விடலாமா என்று நினைத்தேன். நின்றேன்.

பிறகு பாட்டு. ஆண்கள் பக்கத்திலிருந்து ஞானதாஸின் குரல் வந்தது. எப்போதும்போல நல்ல குரல். அதை மட்டும் நான் மன்னிக்க வெகு காலம் பிடித்தது.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் வாசிச்சீங்களா?"

"நெசத்த எழுத எனக்குக் கை வருமா? நீ சொன்னத எழுதிட்டேன். எழுதினத வாசிச்சேன்." பிறகு, "ஒங்கம்மா இருந்திருந்தா என்னைய இந்த வேலைய விடச் சொல்லியிருப்பா" என்றார். விடவில்லை. அந்த வேலையோடு சேர்ந்ததுதான் அவருடைய வீடும்.

தலைமன்னார்க் கப்பல்

ஞானதாஸ் மூன்று மாதம் கழித்துப் பேசினார். குசினியில், அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு.

"நான் இந்தியாவுக்குப் போறேன் எஸ்தர். ஒன்ன விட்டுட்டு ஓடிப் போயிட்டேன்னு கோர்ட்டுல சொல்லு. அந்தச் சட்டம் ஒனக்கு இருக்கு."

"அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல?"

"பயந்துட்டேன்." அடுப்பில் இருந்த தண்ணீரை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

நானுஓயாவுக்குப் போய், தலைமன்னார்க் கப்பலைப் பிடிக்க அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ஓடிப்போகிற புருஷனை வழியனுப்பி வைத்த பெண்சாதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீதிமன்றத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் விவாகரத்துக் கிடைத்தது. வக்கீல் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சபை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வருஷத் தண்டனை முடிவில்லாத் தண்டனையாகிவிட்டது. அட்டனில் ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், என்னைக் கேட்டு வந்தார். அவருக்கும் சபைக் கல்யாணம்தான் வேண்டும். முதல் புருஷன் உயிரோடு இருக்கும்வரை இயலாது என்றார் ஐயர். வாத்தியார் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

செல்லையா தோட்டத்தில்தான் இருந்தான். லொறி ஓட்டினான். என்னைக் கண்டால் வண்டியை மெதுவாக்கித் தலையைக் குனிவான். ஒருநாளும் பேசியதில்லை. பாக்கியமும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பிள்ளைகள் மூவரையும் ஒழுங்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

திருச்சியிலிருந்து

பல வருஷம் போனது. இலட்சக்கணக்கான பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்த நேரம். திருச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் ராமசாமி, தையற்கடை வைத்திருப்பவர்.

ஞானதாஸ் சென்ற மாதம் இறந்துவிட்டதாகவும், நெஞ்சில் சளி கட்டிப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், தாங்கள் இருவரும் ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருந்ததாகவும், பெட்டியில் என் விலாசம் இருந்ததால் அறிவிப்பது கடமை என்று நினைத்ததாகவும் எழுதியிருந்தார். அவ்வளவுதான். எழுத்து அங்கங்கே நடுங்கியிருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். அவர் ஐயரிடம் காட்டினார். ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது. விவாகரத்து செய்தவளாக எனக்கு சபையில் இடமில்லாமல் இருந்தது. விதவையாக இடம் இருந்தது.

தேவாலயத்தில் ஞானதாஸுக்காக நினைவு ஆராதனை வைத்தார்கள். என்னை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அப்பா ஜெபம் பண்ணினார். வெளியே வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கிளாக்கர் ஐயாவின் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் எவ்வளவு கஷ்டப்பட்டுட்ட" என்றார். அடுத்த ஞாயிறே எனக்குத் திருவிருந்து கொடுத்தார்கள். முழங்கால் போட்டு வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அத்தோடு, அந்தப் பெண்களின் கை என்மேல் பட்டு வெகு காலமாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ராமசாமிக்கு எழுதினேன். கடைசி நாட்களில் அவர் ரொம்ப வேதனைப்பட்டாரா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டேன். பிறகு இப்படி முடித்தேன்:

"இங்கே எல்லோரும் வந்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கே உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது பெரிய இழப்பு."